ஸ்டார்லட் ஜிடி டேர்போ: நீலப் புகையும் முற்றத்துத் திருத்த வேலையும்

பரந்தன்82 (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1992ஆம் ஆண்டு ஸ்டார்லட் ஜிடி டேர்போ ஒன்று இருக்கிறது. ஈபி82 உடல், 4ஈ-எஃப்டிஈ எஞ்சின், 1331 சிசி, சிடி9 டேர்போ (எக்சோஸ்ட் புகையின் விசையில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் சாமான்). ஒரு தொன்னுக்கும் குறைவான நிறையில் 135 குதிரை வலு என்றால் ஓடியவர்களுக்குத் தெரியும், அது எப்படிப் பறக்கும் என்று. ஏழு வருடமாக வைத்திருக்கிறேன். விற்கும் எண்ணம் இல்லை.

மூன்று மாதமாக ஒரு பிரச்சினை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது புகை இல்லை. ஏ9 வீதியில் நன்றாக ஓடிவிட்டு ரயில் கடவையில் இரண்டு மூன்று நிமிடம் நின்று, பிறகு எடுத்தால் பின்னால் ஒரே நீலம். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். ஒயில் 800 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கிறது. பூஸ்ட்டும் (டேர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) முந்தி மாதிரி இல்லை, மூன்றாம் கியரில் இழுவை குறைந்துவிட்டது.

ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, டேர்போ முடிந்துவிட்டது, எஞ்சினும் போயிருக்கும், கொழும்பில் ஹாஃப் கட் (வெட்டி இறக்கிய பழைய காரின் எஞ்சினோடு கூடிய முன்பாதி) ஒன்று எடுத்து மாற்றுவோம் என்றார்கள். ஒரு மீற்றர் கூடப் பூட்டிப் பார்க்கவில்லை. சொன்ன தொகைக்கு நான் இன்னொரு கார் பார்க்கலாம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காருக்கும் அதன் சாமானுக்கும் விலை எங்கே போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால் நானே செய்யப்போகிறேன். சொக்கற் செட், ஒரு ஜாக், இரண்டு ஸ்டாண்ட், வீட்டுப் பின்முற்றத்தில் வேப்பமர நிழல். எங்கிருந்து தொடங்குவது?


முறிகண்டியான் (முறிகண்டி)

தம்பி, முதலில் ஸ்பானரைக் கீழே வையும். புகை எப்போது வருகிறது என்பதே பாதி விடையைச் சொல்லும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். இரவு முழுக்கக் கசிந்த ஒயில் அது. மிதித்து ஏற்றும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். ஓடிச் சூடான பிறகு ஐடிலில் நின்று, எடுக்கும்போது வந்தால் டேர்போப் பக்கம் பார்க்க வேண்டும். நீர் சொல்வது மூன்றாவது. ஆனால் டேர்போப் பக்கம் என்றால் டேர்போவே பழுது என்று அர்த்தம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வால்வு சீலை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். நேர் வீதியில் மூன்றாம் கியரில் 60இல் போய், காலை முழுக்க எடுத்து ஐந்தாறு செக்கன் எஞ்சின் பிரேக்கில் விடும். பிறகு மிதியும். காலை எடுத்த நேரம் உள்ளே வெற்றிடம் கூடும், சீல் தேய்ந்திருந்தால் அது ஒயிலை உறிஞ்சும், மிதித்தவுடன் நீலம் வரும். பின்னால் ஒருவரை மோட்டார் சைக்கிளில் வரச் சொல்லிப் பார்க்கச் சொல்லும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட வேண்டாம், மாடு குறுக்கே வரும் வீதி.

அடுத்தது கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் கழற்றிப் பார்ப்பது கணக்கில் வராது. பெற்றோல் தெளிக்காமல் இருக்க ஈ.எஃப்.ஐ. ஃபியூஸை எடுத்து, பிளக் பொறி விடாமல் இருக்கக் கொயிலின் கொனெக்டரையும் கழற்றிவிடும். ஆக்சிலேற்றரை அடிவரை மிதித்தபடி சுற்ற வேண்டும். பற்றறி நன்றாக இருக்க வேண்டும். முதலில் உலர்வாக ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு இன்னொரு தடவை. ஒயில் விட்டபின் இலக்கம் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்து நின்றால் வால்வு அல்லது ஹெட் கஸ்கற்.

இலக்கங்களை எழுதிக்கொண்டு வாரும்.


வவுனியா_சில்வியா (வவுனியா)

நான் நிசான் 180எஸ்எக்ஸ் ஓடுகிறேன், அதனால் பூஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. பூஸ்ட் ஓஸ் எங்காவது வெடித்திருந்தால் எஞ்சின் கறுப்பாகப் புகைக்கும், தடுக்கும். உங்களுக்குக் கறுப்புப் புகை இல்லை என்றால் ஓஸ் சரி. டேர்போதான் தேய்ந்திருக்கிறது.


முறிகண்டியான் (முறிகண்டி)

உங்கள் காருக்கு அது சரி. 180எஸ்எக்ஸில் காற்றை அளக்கும் மீற்றர் டேர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்த காற்று ஓஸால் வெளியே போய்விட்டாலும் ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்பியூட்டர்) அந்தக் காற்றுக்கான பெற்றோலை விடும், அதனால் கறுப்பு வரும். இந்த ஸ்டார்லட்டில் அந்த மீற்றரே இல்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் மனிபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சரை வைத்துத்தான் பெற்றோல் கணக்கு. ஓஸ் கசிந்தால் அழுத்தம் குறையும், பெற்றோலும் சேர்ந்து குறையும். புகையே இல்லாமல் இழுவை மட்டும் போகும். தம்பி சொல்லும் அடையாளத்தோடு அது பொருந்துகிறது.


பரந்தன்82 (கிளிநொச்சி)

அண்ணை சொன்னபடி செய்தேன். கொம்பிரஷன் மீற்றர் நண்பர் ஒருவர் தந்தார்.

உலர்வாக: 158, 155, 160, 152 பிஎஸ்ஐ. ஒயில் விட்டபின்: 164, 162, 165, 160.

காலை எடுத்து மிதிக்கும் சோதனையில் என் தம்பி பின்னால் வந்து பார்த்தான். ஒரு மெல்லிய புகை, இருந்தும் இல்லாத மாதிரி என்கிறான்.

ஈசியூவின் குறியீடும் பார்த்தேன். டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைப் போட்டால் 'செக் எஞ்சின்' விளக்கு மின்னிக் காட்டும். ஒரே சீராக மின்னியது, பழுதுக் குறியீடு எதுவும் இல்லை.


முறிகண்டியான் (முறிகண்டி)

தம்பி, உம்முடைய எஞ்சின் நல்ல எஞ்சின். கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் எட்டு பிஎஸ்ஐ, அது ஐந்து வீதம். முப்பது வருட எஞ்சினுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒயில் விட்டும் பெரிதாக ஏறவில்லை. இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டு, எங்கே எப்படி ஓடியது என்று தெரியாத ஹாஃப் கட் ஒன்றை வாங்கச் சொன்னார்கள் என்பதை நினைக்க வயிறு எரிகிறது.

இப்போது டேர்போ. உள்ளே வரும் காற்றுக் குழாயைக் கழற்றி, டேர்போவுக்குள் இருக்கும் சின்னச் சில்லைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடியும். முன்பின்னாக அசைத்தால் அசைவு ஏறக்குறைய இருக்கக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தப் பேரிங் ஒயில் படலத்தில் மிதப்பது, நிற்கும்போது ஆடத்தான் செய்யும். ஆட்டிக்கொண்டே சுற்றும்போது சில்லின் ஓரம் டேர்போவின் கூட்டில் உரசுகிறதா என்பதுதான் கேள்வி. உரசினால் முடிந்தது. உரசாவிட்டால் டேர்போவைக் கழற்றி, கீழே ஒயில் இறங்கும் குழாயைப் பாரும்.

ஏன் என்று சொல்கிறேன். டேர்போவில் இருக்கும் சீல் நாங்கள் நினைக்கிற ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன இரும்பு வளையம். அது நிற்கும் ஒயிலைத் தடுக்காது. ஒயில் மேலிருந்து அழுத்தத்தோடு வந்து, பேரிங்கை நனைத்து, கீழே தன் பாரத்தால் மட்டும் சம்புக்கு (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) வடிய வேண்டும். அந்த வடிகால் குறுகினால் கூட்டுக்குள் ஒயில் தேங்கும், தேங்கினால் நல்ல வளையத்தையும் தாண்டி எக்சோஸ்ட்டுக்குள் இறங்கும். கான் அடைபட்டால் வயலில் தண்ணீர் நிற்கிற மாதிரித்தான். எஞ்சின் அடிக்கூட்டின் காற்றை வெளியே விடும் பிசிவி வால்வு அடைபட்டு அந்தக் கூட்டில் அழுத்தம் கூடினாலும் இதே கதை, கீழிருந்து தள்ளும் காற்று ஒயிலை வடிய விடாது.


முல்லைக்கரை (முல்லைத்தீவு)

கழற்ற முதல் ஒரு எச்சரிக்கை. நாங்கள் கடற்கரைப் பக்கம் என்பதால் துரு எங்களுக்குப் பழக்கம். எக்சோஸ்ட் மனிபோல்ட் ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட்கள்) முப்பது வருடம் சூட்டில் வெந்தவை. துரு இளக்கும் ஒயிலை முதல் நாள் பின்னேரமே அடித்து, இரவு ஊறவிட்டு, காலையில் இன்னொரு தடவை அடியுங்கள். கழற்றும்போது ஒரேயடியாக இழுக்காமல் கால் சுற்றுத் தளர்த்தி, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள்.

அப்படியும் முறிந்தால் துளைக்கப் போகாதீர்கள். முறிந்த முனை வெளியே தெரிந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளால் வெல்ட் பண்ணுங்கள். சூடு ஆறும் முன் மெல்லத் திருப்பினால் வரும்.

இன்னொன்று. வன்னி மண் மணல் கலந்தது. ஸ்டாண்டை வெறும் நிலத்தில் வைத்துக் காருக்குக் கீழே போகாதீர்கள். இரண்டங்குலப் பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். கழற்றின சில்லைக் கார் உடலுக்குக் கீழே தள்ளி வையுங்கள். மழை பெய்த அடுத்த நாள் கீழே போகவே வேண்டாம்.


மாங்குளத்தான் (மாங்குளம்)

எல்லோரும் ஊக்கம் கொடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் நான் பட்டதையும் கேளுங்கள்.

நான்கு வருடத்துக்கு முன் என்னுடைய லான்சர் டேர்போவுக்கு ஹெட் கஸ்கற் நானே மாற்றினேன். இறுக்கும் விசையை அளந்து 'டக்' என்று சொல்லும் டோர்க் ரெஞ்ச் இல்லை. ஸ்பானருக்கு நீள இரும்புக் குழாய் போட்டு, கை சொன்னபடி இறுக்கினேன். வரிசையும் பார்க்கவில்லை, ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போனேன். இரண்டாவது கிழமை ஒயில் மூடியைத் திறந்தால் பால் தேத்தண்ணி நிறம். கஸ்கற் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, ஹெட் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து முகம் வெட்டி எடுத்தேன்.

ஆகவே கேட்கிறேன், ஹெட்டைத் தொடப்போகிறீர்களா? தொடுவதென்றால் டோர்க் ரெஞ்ச் இரவல் வாங்குங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்குங்கள். போல்ட் துளைக்குள் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் முதலில் துடைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், போல்ட் இறுகியிருக்காது.


பரந்தன்82 (கிளிநொச்சி)

நன்றி அண்ணை, ஹெட்டைத் தொடவில்லை. இலக்கம் நன்றாக இருக்கும்போது அதைத் திறக்கக் காரணம் இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை. சில்லு உரசவில்லை. முன்பின் அசைவும் இல்லை. டேர்போ ஸ்டட் ஒன்று முறிந்தது, முல்லைக்கரை சொன்ன நட் முறையில்தான் எடுத்தேன். வெல்டர் வீட்டுக்கே வந்து செய்து தந்தார்.

பிறகு ஒயில் வடிகால் குழாயைக் கழற்றினேன். அதன் வாயைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். முந்தி யாரோ அந்த ஃபிளாஞ்சுக்கு (குழாயைப் பூட்டும் தட்டையான விளிம்பு) கஸ்கற் போடாமல் சிலிக்கன் பூசியிருக்கிறார்கள். இறுக்கும்போது அது உள்பக்கமாகப் பிதுங்கி, துளையில் பாதியை மூடியிருக்கிறது. மிச்சப் பாதியில் கரி. சுண்டுவிரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில் நுழையவில்லை. பிசிவி வால்வைக் குலுக்கினால் 'கட கட' என்று சத்தம் வர வேண்டும் என்பார்கள், இது கல் மாதிரி இருந்தது.

இரண்டும் சேர்ந்துதான் இந்தப் புகை. டேர்போவில் ஒரு குறையும் இல்லை.


முறிகண்டியான் (முறிகண்டி)

நல்லாய் இருந்தது தம்பி, இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். ஒயில் ஓடும் எந்த இடத்திலும் சிலிக்கனைக் கண்டபடி பூசக்கூடாது. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது தெரியாது. சூட்டுக்குத் தாங்கும் கஸ்கற் தாளில் வெட்டியாவது போடலாம், ஓட்டைகளைச் சரியாக வெட்டினால் போதும்.

பிசிவி வால்வுக்குக் கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தை வரை போகத் தேவையில்லை. அதே 4ஈ குடும்பத்து எஞ்சின் ஈஈ101, ஈஈ111 கொரோலாக்களில் வந்தது. பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கும். பிஸ்டன், ஹெட் கஸ்கற் மாதிரியானவை டேர்போவுக்கு வேறு, அதில் மட்டும் குழம்ப வேண்டாம்.

பூட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டேர்போவின் ஒயில் வாயில் கொஞ்சம் புது ஒயில் விட்டுச் சில்லைக் கையால் சுற்றும். ஈ.எஃப்.ஐ. ஃபியூஸ் இல்லாமல் பத்துப் பத்துச் செக்கனாக எஞ்சினைச் சுற்றி, ஒயில் விளக்கு அணைந்த பிறகுதான் ஃபியூஸைப் போட வேண்டும். உலர்ந்த பேரிங்கோடு ஒரு தடவை ஏற்றினால் இத்தனை வேலையும் வீண்.

முதல் கொஞ்சத் தூரத்துக்கு இன்னும் புகை வரும். எக்சோஸ்ட் குழாய்க்குள் மூன்று மாத ஒயில் ஊறிக்கிடக்கிறது, அது எரிந்து முடிய வேண்டும். வேலை பிழைத்துவிட்டது என்று திரும்பக் கழற்றிவிடாதேயும்.


கனகராயன் (கனகராயன்குளம்)

இவ்வளவு மினக்கெடாமல் 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றினால் புகை குறையுமே. எங்கள் சூட்டுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்றுதான் எல்லோரும் செய்கிறார்கள்.


முறிகண்டியான் (முறிகண்டி)

கொஞ்ச நாளைக்குக் குறையும், மறுக்கவில்லை. ஆனால் அடைந்த வடிகாலில் தடித்த ஒயில் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது டேர்போவுக்குப் போய்ச் சேரவும் நேரம் எடுக்கும். 10டபிள்யூ-40 நல்லது போட்டு 5000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்றுங்கள். வேகமாக ஓடி வந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். சூடான டேர்போவுக்குள் நின்றுபோன ஒயில்தான் அந்தக் கரியாகிறது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நான் பொடியன், பட்டறையில் உதவியாள். ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டி, வால்வு அரைத்துப் பூட்டுவது எங்களுக்கு அடிக்கடி வரும் வேலை. மரத்தடியில்தான் செய்தோம். அந்த எஞ்சின்கள் பொறுத்தன, ஏனென்றால் கொம்பிரஷன் குறைவு, பூஸ்ட் இல்லை. அந்தக் காலத்துக் கைப்பழக்கத்தில் இருந்தே இன்றைக்கும் பலர் எதையாவது ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறார்கள். டேர்போ எஞ்சின் பொறுக்காது. இதற்கு ஒக்டேன் 95 பெற்றோல் அடியுங்கள். 92 மட்டும் கிடைக்கிற நாளில் பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓடுங்கள்.


வவுனியா_சில்வியா (வவுனியா)

ஓஸ் பற்றி நான் சொன்னது பிழை, திருத்தியதற்கு நன்றி.

இழுவை குறைவதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். டேர்போவின் காற்று வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றை எடுத்து, நடுவில் துளைத்து, ரயர் வால்வு ஒன்றைப் பூட்டுங்கள். ஓஸ் கிளிப்பால் இறுக்கி, கால் பம்பால் காற்று அடியுங்கள். 8, 10 பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் போனால் மூடி கழன்று முகத்தில் அடிக்கும். பிறகு சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் பூசிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

எயார் ஃபில்டர் என்ன போட்டிருக்கிறீர்கள்? சோளகம் அடிக்கும் மாதங்களில் கிறவல் வீதியில் ஓடுகிறவர்கள் அந்தத் திறந்த கூம்பு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். செம்புழுதி டேர்போச் சில்லின் விளிம்பைத் தின்னும். கொம்பனி போட்ட பெட்டி ஃபில்டர்தான் நல்லது.


பரந்தன்82 (கிளிநொச்சி)

கடைசி நிலவரம்.

வடிகால் குழாயை மண்ணெண்ணெயில் ஊறவிட்டுச் சுத்தம் செய்து, புதுக் கஸ்கற் வெட்டிப் போட்டேன். பிசிவி வால்வு கொரோலாவுடையது, அப்படியே பொருந்தியது. சவர்க்காரத் தண்ணீரில் இன்டர்கூலருக்குப் போகும் ஓஸின் அடிப்பக்கம் குமிழி கொப்புளித்தது. மேலே பார்த்தால் நல்ல ஓஸ், கீழே கிளிப் இறுகிய இடத்தில் விரல் நீள வெடிப்பு. கழிவு ஒயிலைக் கலனில் மூடி வைத்திருக்கிறேன், வாங்குகிற கராஜுக்குக் கொடுப்பேன். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் முற்றத்தில் ஒரு துளி ஊற்ற மனம் வராது.

முதல் நாள் இரணைமடு வரை போய் வந்தேன். போகும்போது புகை, முறிகண்டி அண்ணை சொன்னபடியே. குளக்கட்டில் ஐந்து நிமிடம் ஐடிலில் நிற்கவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தேன். தம்பி மிதித்தான். சுத்தமான காற்று. திரும்பி வரும்போது மூன்றாம் கியரில் அந்தப் பழைய இழுவை, முதுகு சீற்றில் ஒட்டியது. ஏழு வருடத்துக்கு முன் முதல் தடவை ஓடிய நாள் ஞாபகம் வந்தது.

இப்போது 1200 கிலோமீற்றர் ஓடிவிட்டேன். ஒயில் கம்பியில் அரை விரல் அளவுதான் இறங்கியிருக்கிறது. அது வால்வு சீலாக இருக்கும், அந்த மெல்லிய புகையும் அதுதான். மாரிக்கு முன் டைமிங் பெல்ட் மாற்றும்போது சேர்த்துப் பார்ப்பேன். முழுச் செலவு, வெல்டர் கூலியோடு சேர்த்து, அந்தக் கராஜ் சொன்ன தொகையில் இருபதில் ஒரு பங்கு வரவில்லை.


முல்லைக்கரை (முல்லைத்தீவு)

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. என் மச்சானுடைய கிளான்சாவும் (இந்த ஸ்டார்லட்டுக்கு அடுத்து வந்த டேர்போ மாடல்) இதே மாதிரி இழுவை இல்லாமல் நிற்கிறது. அந்தப் பிவிசி மூடி எத்தனை அங்குலம்?


பரந்தன்82 (கிளிநொச்சி)

அளந்து வாங்கத் தேவையில்லை, என்னுடையதையே கொண்டுவருகிறேன். ஞாயிற்றுக்கிழமை புதுக்குடியிருப்புக்கு ஒரு வேலையாக வர இருக்கிறேன். மச்சானிடம் ஒரு கால் பம்பும் கொஞ்சம் சவர்க்காரமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.